பொய்ச் சான்றிதழ் காட்டி வேலைக்கு வந்தவரை என்ன செய்வது? திருகோணமலை முதலாளிமாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆள் வேலைக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது. இப்போதுதான் தெரிகிறது, அவர் கொடுத்த சான்றிதழில் ஏதோ சரியில்லை. இந்த இடத்தில் எங்கள் ஊர் முதலாளிமார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, அன்றைக்கே கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் ஏசி, "நாளையில இருந்து வர வேணாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இல்லாவிட்டால், "சீசன் முடியட்டும், பார்ப்பம்" என்று பேசாமல் விட்டுவிடுகிறார்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் நடத்துபவர்களிடம் இந்த இரண்டாவது பழக்கம் அதிகம். இரண்டுமே பிறகு, வேலைநீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபையில் முதலாளியைத்தான் மாட்டிவிடும். அவசரப்பட்டவர் அத்தாட்சி இல்லாமல் நிற்பார். காத்திருந்தவரைப் பார்த்து, "தெரிந்துதானே ஆறு மாதம் வேலை வாங்கினீர்கள்?" என்று கேட்பார்கள்.

இந்த வழிகாட்டி தனியார் துறைக்கானது. ஹோட்டல், பார்மசி, ஹார்ட்வெயார், லொறிச் சேவை, தனியார் கல்வி நிலையம், கணக்கு அலுவலகம் என்று ஐந்து பேரிலிருந்து ஐம்பது பேர் வரை வைத்து நடத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அரச நியமனங்களுக்குத் தாபனக் கோவை என்ற தனி விதித்தொகுப்பு இருக்கிறது, அது வேறு பாதை.

முதலில் கடதாசிகளை ஒன்றுசேருங்கள்

சந்தேகம் வந்த அன்றைக்கு ஊழியரிடம் எதுவும் பேச வேண்டாம். அவருடைய கோவையை எடுங்கள். விண்ணப்பம், சுயவிபரக் கோவை, சான்றிதழ்களின் போட்டோ கொப்பி, நேர்முகப் பரீட்சையில் எழுதிய குறிப்பு, நியமனக் கடிதம், வேலைக்கு முன் வந்த வட்ஸ்அப் செய்திகள், எல்லாவற்றையும் ஒரே கோவையில் போடுங்கள். திகதி போட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தத் தகுதி பற்றி, யார் மூலமாக, எப்போது சந்தேகம் வந்தது. இந்தத் தாள் பிறகு பெரிய உதவியாக இருக்கும்.

அடுத்து, அந்தத் தகுதி தன்னிடம் இருப்பதாக அவரே சொன்னாரா என்று பாருங்கள். எங்கள் ஊரில் பல பேர் மச்சான் சொல்லி, மாமா சொல்லி வேலைக்கு வருகிறார்கள். "பொடியன் ஏ.எல். பாஸ், கெட்டிக்காரன்" என்று மாமா சொன்னதை நீங்கள் நம்பியிருக்கலாம். அந்தப் பொடியன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டான். சுயவிபரக் கோவையிலும் இதே சிக்கல் உண்டு. பாதிப் பேர் அதைக் கொமியூனிகேஷன் கடையில் டைப் பண்ணுவிக்கிறார்கள். கடைக்காரர் முன்னால் வந்தவருடைய கோப்பைத் திறந்து, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மாற்றிவிட்டு, கணினிப் பாடநெறி ஒன்றை அப்படியே விட்டுவிடுவார். அந்தத் தாளின் அடியில் ஊழியரின் கையொப்பம் இருக்கிறதா, "மேற்கூறியவை உண்மை" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அவருடைய கூற்று. இல்லாவிட்டால் உங்கள் வழக்கு அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடும்.

எது பொய், எது வேறு விஷயம்

எல்லாப் பொய்யும் ஒரே அளவில்லை. கடதாசியையே போலியாகத் தயாரித்தவர் ஒரு வகை. கடதாசி எதுவும் கொடுக்காமல் வாயாலும் விண்ணப்பத்திலும் இல்லாததைச் சொன்னவர் இன்னொரு வகை. அதைவிட அதிகமாக நடப்பது ஊதிப் பெருப்பிப்பது: கணக்கியல் பரீட்சையில் ஒரு கட்டம் மட்டும் முடித்தவர் முழுவதும் முடித்ததாக எழுதுவது, தொழிற்பயிற்சி நிலையம் கொடுத்த வரவுச் சான்றிதழை என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) என்று சொல்வது, டோஹாவில் சமையலறை உதவியாளராக இருந்துவிட்டு வந்து செஃப் என்று போடுவது. இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்கள் பாவம். பதிவே இல்லாத நிறுவனத்துக்கு லட்சக்கணக்கில் கட்டிப் படித்து, அந்த டிப்ளோமா செல்லும் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை, அவர்களையே யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இது பொய்யே இல்லாமலும் இருக்கலாம். திருகோணமலை மாவட்டத்தில் இதை நிதானமாகப் பார்க்கத்தான் வேண்டும். 1990இல் வீட்டைப் போட்டுவிட்டு ஓடியவர்கள், 2004 சுனாமியில் அலுமாரியோடு எல்லாவற்றையும் இழந்தவர்கள், 2006இல் சம்பூரிலிருந்தும் மூதூரிலிருந்தும் கட்டிய துணியோடு இடம்பெயர்ந்தவர்கள் எங்கள் மத்தியில் வேலை செய்கிறார்கள். மூலச் சான்றிதழ் கையில் இல்லை என்பது இங்கே சாதாரண விஷயம். பழைய போட்டோ கொப்பியின் கொப்பி மங்கித் திரிந்திருப்பதும் சாதாரணம்.

பெயரும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பாடசாலை இடாப்பில் வேறொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு இடத்தில் முன்னால், இன்னோர் இடத்தில் விரித்து எழுதப்பட்டு, மற்ற இடத்தில் இல்லாமலே போயிருக்கும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பெயர்களில் "மொஹமட்" என்பதையே நாலு விதமாக எழுதியிருப்பார்கள். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு கணவன் பெயரைச் சேர்த்திருப்பார்கள். தமிழ்நாட்டில் அகதியாக இருந்து பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் அங்கேயே படித்துத் திரும்பி வந்தவர்களின் சான்றிதழ் நாங்கள் பார்த்துப் பழகியதுபோல இருக்காது. இவற்றைப் பார்த்துவிட்டு "போலி" என்று வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பழி ஊர் முழுக்கப் போய்விடும். பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது.

வழங்கிய இடத்திலேயே கேளுங்கள்

இந்த வேலை முழுவதிலும் முக்கியமான படி இதுதான். ஊழியரைத் தெரிந்த ஒருவர் சொன்னது, கடதாசியின் எழுத்துரு சரியில்லை என்று உங்களுக்குப் பட்டது, இவை எல்லாம் சந்தேகம் மட்டும். சான்றிதழை வழங்கியதாகச் சொல்லப்படும் நிறுவனம் எழுத்தில் தரும் பதிலே அத்தாட்சி.

கேட்பதற்கு முன் ஊழியரின் எழுத்துச் சம்மதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. பல நிறுவனங்களும் சம்மதக் கடிதம் இல்லாமல் பதில் தராது. எல்லா ஊழியர்களின் கோவைகளையும் சரிபார்ப்பதாகச் சொல்லி எல்லோரிடமும் ஒரே படிவத்தில் வாங்கினால் ஒருவரை மட்டும் குறிவைத்த மாதிரி இருக்காது. சொன்னால் உண்மையிலேயே எல்லாவற்றையும் சரிபாருங்கள்.

க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் என்றால் பரீட்சைத் திணைக்களம். அண்மைய ஆண்டுகளின் பெறுபேறுகளைச் சுட்டெண் கொடுத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். பெறுபேற்றை உறுதிப்படுத்திய சான்றிதழை ஊழியரே விண்ணப்பித்து எடுக்கலாம். தொலைத்தவருக்கும் இதுதான் வழி. அதற்கு முன் நீங்களே வீட்டில் இருந்து செய்யக்கூடிய சிறு பரிசோதனைகள் இரண்டு இருக்கின்றன. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. 92 என்று தொடங்கும் ஒருவர் 2005இல் சாதாரண தரம் எழுதியதாகச் சான்றிதழ் சொன்னால் அவருக்கு அப்போது 13 வயது. அது நடந்திருக்காது. அடுத்தது, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி 2001இல்தான் வந்தது. 1998ஆம் ஆண்டு உயர்தரப் பெறுபேற்றில் இசட் புள்ளி இருந்தால் அந்தத் தாளை யாரோ பிற்காலத்து மாதிரி ஒன்றைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் இவையும் கேள்வி கேட்கப் போதுமே தவிர, தீர்ப்புச் சொல்லப் போதாது.

என்.வி.கியூ. சான்றிதழ்களை மேற்பார்வை செய்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. சான்றிதழ் இலக்கத்தைக் கொடுத்து அங்கே உறுதிப்படுத்தலாம். மட்டம் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். "என்.வி.கியூ. மட்டம் 5 சான்றிதழ்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்த வரியையே திரும்பக் கேட்கலாம்.

பட்டம் என்றால் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு எழுதுங்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் படித்தவர் என்றால் நேரே போயும் கேட்கலாம். ஆனால் பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனியார் நிறுவனம் கொடுத்த பட்டம் என்றால், பட்டம் வழங்க அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் பாருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அங்கீகரிக்கப்பட்டவையா என்பதையும் அதே ஆணைக்குழு சொல்லும். இந்தியப் பட்டம் என்றால் இன்னொரு வசதி உண்டு. அந்நாட்டு மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் தானே வெளியிடுகிறது.

சான்றிதழின் அடியில் அச்சடித்திருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு மட்டும் எடுத்துக் கேட்காதீர்கள். போலிக் கடதாசி செய்பவனுக்கு ஒரு சிம் கார்டு வாங்குவது பெரிய காரியமா? நிறுவனத்தின் இலக்கத்தையும் முகவரியையும் வேறு வழியில் தேடி எடுங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைக் கோவையில் ஒட்டி வையுங்கள்.

வேலை அனுபவத்தைச் சரிபார்க்க ஊழியர் சேமலாப நிதிக் கூற்று நல்ல சாட்சி. எந்த முதலாளி எந்தக் காலத்தில் பணம் கட்டினார் என்று அதில் தெரியும். ஊழியரிடம் கேட்டு வாங்கலாம். அதில் ஒரு கடையின் பெயர் இல்லை என்பதற்காக அவர் அங்கே வேலை செய்யவில்லை என்று முடிவெடுக்க வேண்டாம். சேமலாப நிதி கட்டாத கடைகள் எத்தனை இருக்கின்றன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு அனுபவத்துக்குக் கடவுச்சீட்டு முத்திரையும் வேலை ஒப்பந்தமும் கேளுங்கள். அனுபவக் கடிதத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை என்றால் காத்திருக்காதீர்கள்

பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை ஆளை எங்கே வைப்பது? காசாளர், வரவேற்பாளர், களஞ்சியப் பொறுப்பாளர் என்றால் வழமைபோல வேலை செய்யட்டும். ஆனால் சில வேலைகளில் ஒரு நாள்கூட விட முடியாது.

பார்மசியில் மருந்து கொடுப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ள மருந்தாளரா என்ற சந்தேகம் வந்த அதே மணித்தியாலத்தில் அவரை மருந்து கொடுக்கும் இடத்திலிருந்து எடுங்கள். பதிவுள்ள இன்னொருவர் கிடைக்கும்வரை மருந்துச்சீட்டுக்கு மருந்து கொடுப்பதை நிறுத்துங்கள். வியாபாரம் குறையும், குறையட்டும். கனரக வாகன அனுமதி இல்லாமல் லொறி ஓட்டுபவர், தகைமை இல்லாத மின்சார வேலையாள், புறாத்தீவுக்கு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் இறக்குகிற சுழியோடிப் பயிற்றுநர், இவர்களும் அப்படித்தான். சுழியோடிப் பயிற்றுநரின் உறுப்பினர் எண்ணை அவருக்குச் சான்றளித்த சர்வதேச அமைப்பின் இணையத்தளத்தில் உடனே பார்த்துவிடலாம். அதற்கு வாரக்கணக்கு வேண்டாம். விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதிக் கம்பனி முதலில் பார்ப்பது ஓட்டியவரின், பயிற்றுவித்தவரின் கடதாசியைத்தான்.

இடம் மாற்றும்போது சம்பளத்தைக் குறைக்காதீர்கள். வீட்டில் இருக்கச் சொல்லி இடைநிறுத்துவதானால், சம்பளமில்லாமல் இடைநிறுத்தும் உரிமை நியமனக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சம்பளத்தோடு நிறுத்துங்கள். சில வாரச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய் முழு விசாரணையையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

விளக்கம் கேட்கும் கடிதம்

வழங்கிய நிறுவனம் "இப்படி ஒருவர் எங்கள் பதிவில் இல்லை" என்று எழுதிவிட்டது. இப்போது ஊழியரைத் தனியாகக் கூப்பிடுங்கள். கூட ஒரு மேற்பார்வையாளர் இருக்கட்டும், பெண் ஊழியர் என்றால் கட்டாயம் ஒரு பெண் இருக்க வேண்டும். நீளமாகப் பேச வேண்டாம். "தம்பி, உங்கட சேர்டிபிகட் ஒன்றைப் பற்றி ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கு. இப்ப வாயால ஒண்டும் சொல்ல வேணாம். கடிதத்தில எல்லாம் இருக்கு, வீட்ட கொண்டுபோய் வாசிச்சு, யோசிச்சு எழுதித் தாங்கோ." இவ்வளவு போதும்.

கடிதம் இப்படி அமையலாம்:

"நீங்கள் ... திகதியிட்ட உங்கள் விண்ணப்பத்தில் ... நிறுவனத்தில் ... ஆண்டு ... சான்றிதழைப் பெற்றதாகக் குறிப்பிட்டு, அதன் பிரதியையும் சமர்ப்பித்திருந்தீர்கள். அந்தத் தகைமையின் அடிப்படையில் ... பதவிக்கு நியமிக்கப்பட்டீர்கள். மேற்படி நிறுவனம் ... திகதியிட்ட கடிதத்தில், இச்சான்றிதழ் தம்மால் வழங்கப்படவில்லை என அறிவித்துள்ளது. அக்கடிதத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. இது பற்றிய உங்கள் விளக்கத்தை ... திகதிக்கு முன் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். விளக்கம் கிடைத்த பின்னரே எந்த முடிவும் எடுக்கப்படும்."

ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். நிறுவனத்தின் பதிலின் பிரதியைக் கட்டாயம் இணையுங்கள். தன்மேல் என்ன இருக்கிறது என்று தெரியாமல் யாரும் பதில் எழுத முடியாது. "மோசடி", "கள்ளச் சான்றிதழ்" போன்ற சொற்களை இந்தக் கடிதத்தில் போடாதீர்கள், நீங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. கடிதம் அவர் வாசிக்கும் மொழியில் இருக்கட்டும். திருகோணமலையில் ஒரே சமையலறையில் தமிழும் சிங்களமும் வாசிப்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தை நீட்டி "கையொப்பம் போடு" என்றால் அது விளக்கம் கேட்பதாகாது.

பதில் பல விதமாக வரும். சிலர் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பார்கள். சிலர் உண்மையான சான்றிதழின் இலக்கத்தைத் தந்து, நிறுவனமே பிழையாகத் தேடியிருக்கிறது என்று காட்டுவார்கள். பழைய பதிவுகள் கணினியில் ஏறாமல் இருந்தால் இப்படி நடக்கும். பெயர் வித்தியாசம் என்றால் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டுவருவார்கள். இவற்றில் எது வந்தாலும் மறுபடி வழங்கிய இடத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

உள்ளக விசாரணை

அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அல்லது விளக்கம் போதவில்லை என்றால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து ஒரு விசாரணை வையுங்கள். தனியார் நிறுவனங்களுக்கு உள்ளக விசாரணை சட்டப்படி கட்டாயமில்லை. வழக்கு என்று போனால் தொழில் நியாய சபை எல்லாவற்றையும் புதிதாகக் கேட்கும். இருந்தாலும், நியாயமாக நடந்த விசாரணையின் பதிவு உங்கள் கையில் இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம்.

சிறிய கடையில் விசாரணை அதிகாரியை எங்கே தேடுவது என்று கேட்பார்கள். ஓய்வுபெற்ற அதிபர், வங்கி முகாமையாளர், வெளியிலுள்ள சட்டத்தரணி, யாராவது ஒருவர் போதும். அவர் உங்கள் மச்சானாகவோ, அந்த ஊழியரை எடுத்துவிட்டவராகவோ, அவரோடு ஏற்கனவே மனஸ்தாபம் உள்ளவராகவோ இருக்கக் கூடாது. ஊழியர் ஒரு சக ஊழியரைத் துணைக்குக் கூட்டிவரட்டும். கேள்வியையும் பதிலையும் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையொப்பம் இடட்டும். உங்கள் பக்கத்துச் சாட்சியை அவரும் கேள்வி கேட்கலாம். விசாரணை அதிகாரி "நிரூபிக்கப்பட்டது" அல்லது "நிரூபிக்கப்படவில்லை" என்று காரணத்தோடு எழுதிக்கொடுப்பார். தண்டனையைத் தீர்மானிப்பது நிர்வாகம்.

என்ன முடிவெடுப்பது

பொய் சொன்னது நிரூபணமானால் ஆளை அனுப்பத்தான் வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. நான் முதலில் பார்ப்பது, அந்தத் தகுதி இல்லாவிட்டால் அவருக்கு இந்த வேலையைக் கொடுத்திருப்பீர்களா என்பதை. சட்டமே அந்தத் தகுதியைக் கேட்கும் பதவி என்றால் பேச்சுக்கே இடமில்லை, அந்தப் பதவியில் அவர் இருக்க முடியாது. பணத்தையும் கணக்கையும் ஒப்படைத்த பதவியில் போலிக் கடதாசி கொடுத்தவரையும் நான் வைத்திருக்கச் சொல்ல மாட்டேன். அங்கே நம்பிக்கைதான் வேலையின் பாதி.

மற்ற இடங்களில் நிலைமை அப்படியில்லை. நிலாவெளியில் ஒரு ஹோட்டல் சமையற்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்.வி.கியூ. மட்டம் 4 முடித்ததாக விண்ணப்பத்தில் எழுதினார், முடிக்கவில்லை. ஆனால் மூன்று வருடமாக அவர் கையால் சாப்பிட்டவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், சமையலறை சுத்தம், கணக்கு நேர்மை. இவருக்கு எழுத்தில் கடும் எச்சரிக்கை கொடுங்கள், பொய்யான தகுதிக்காகக் கொடுத்த பதவிப் பெயரை அவருடைய எழுத்துச் சம்மதத்தோடு மாற்றுங்கள், ஒரு காலக்கெடு வைத்து உண்மையான சான்றிதழை எடுக்கச் சொல்லுங்கள். என்.வி.கியூ. முறையில், அனுபவத்தால் கற்ற தொழிலை மதிப்பீடு செய்து சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்து காட்டி எடுக்கலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, தொழிற்பயிற்சி அதிகார சபை போன்றவற்றில் இதை விசாரிக்கலாம். எத்தனையோ நல்ல மேசன்மார், வெல்டர்மார், சமையற்காரர்கள் இந்த வழி இருப்பதே தெரியாமல் பொய்க் கடதாசிக்குக் காசு கொடுக்கிறார்கள். அதை நினைத்தால் மனம் வேகுகிறது.

எந்த முடிவானாலும், இதே தவறைச் செய்த இன்னொருவருக்கு நீங்கள் முன்னர் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். சொந்தக்காரப் பொடியனுக்கு எச்சரிக்கை, வெளியாளுக்கு வேலைநீக்கம் என்றால் அது எங்கும் நிற்காது. தெரிந்த பிறகு தாமதிக்கவும் வேண்டாம். உண்மை தெரிந்தும் சம்பள உயர்வு கொடுத்து, போனஸ் கொடுத்து வைத்திருந்தால் மன்னித்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

வேலையிலிருந்து நீக்குவதானால்

காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். எங்கள் ஆட்கள் தாட்சண்யம் பார்த்து, "உங்கள் சேவை இனித் தேவைப்படாது" என்று நாகரிகமாக ஒரு கடிதம் கொடுப்பார்கள். அங்கேதான் மாட்டுகிறார்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நீக்குவதென்றால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்று நடவடிக்கையாக நீக்கினால் அந்த அனுமதி தேவையில்லை, ஆனால் நீக்கிய நாளுக்குப் பிந்திய இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். நீக்கும் கடிதத்திலேயே காரணத்தை எழுதிவிடுவது நல்லது. தகுதிகாண் காலத்தில் இருப்பவர் என்றால் விஷயம் இலகு, அங்கும் காரணமும் அத்தாட்சியும் கோவையில் இருக்கட்டும்.

"நீயாகவே விலகிப் போறதா எழுதித் தா, இல்லாட்டிப் பொலிசுக்குப் போவன்" என்று சொல்லி விலகல் கடிதம் வாங்காதீர்கள். மிரட்டி வாங்கிய விலகலை வேலைநீக்கமாகவே நியாய சபை பார்க்கும், மிரட்டினீர்கள் என்ற பழியும் சேரும். அவராகவே விலக விரும்பினால் வேறு, வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வரட்டும்.

காசு விஷயத்தில் கோபத்தைக் காட்டவே வேண்டாம். வேலை செய்த நாள்வரை சம்பளம் முழுவதும் கொடுக்க வேண்டும். "பொய் சொல்லி வாங்கிய சம்பளம்" என்று திரும்பப் பிடிக்க முடியாது, அவர் வேலை செய்திருக்கிறார். ஊழியரின் 8 சதவீதமும் உங்கள் 12 சதவீதமும் சேர்ந்த சேமலாப நிதி, 3 சதவீத நம்பிக்கை நிதி இரண்டும் அவருடையது, அதில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை. 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி பணிக்கொடை உண்டு, 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். மோசடியால் நீக்கப்பட்டவரின் பணிக்கொடையை நிறுவனத்துக்கு ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குப் பிடித்துவைக்க 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் தகுதி பற்றிய பொய்யால் ரூபாய்க் கணக்கில் என்ன நட்டம் என்று நீங்கள் காட்ட வேண்டும். அதைக் காட்ட முடியாமல் பிடித்தால் வட்டியும் முதலுமாகக் கட்ட நேரும். இந்த ஒரு இடத்தில் தொழில் சட்டம் தெரிந்த சட்டத்தரணியிடம் காசு கொடுத்துக் கேட்பது லாபம். மற்ற சந்தேகங்களைத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம்.

நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நீக்கியது நியாயம் என்று காட்ட வேண்டியவர் நீங்கள். அதனால் அவர் போனவுடன் கோவையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மூலச் சான்றிதழ்கள் ஏதாவது உங்களிடம் இருந்தால் கையொப்பம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள், பிரதிகள் மட்டும் உங்களுக்குப் போதும்.

பொலிஸ்

போலி ஆவணம் செய்வதும், போலி என்று தெரிந்தே அதை உண்மையானதாகப் பயன்படுத்துவதும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். மருந்து, வாகனம் போன்று மற்றவர் உயிரோடு விளையாடியிருந்தால், அல்லது போலிக் கடதாசி விற்கும் ஒரு கூட்டத்தின் அடையாளம் தெரிந்தால் முறைப்பாடு செய்யுங்கள். உயர்தரத்தில் இரண்டு பாடத்தை மூன்றாகக் காட்டிய ஒரு இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைப் பொலிசுக்கு இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேலை போவதே அந்தக் குடும்பத்துக்குப் போதுமான அடி.

அவர் செய்துவிட்டுப் போன வேலை

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தகுதியில்லாத கணக்காளர் ஒப்படைத்த வரி விபரத்திரட்டுகளைத் தகுதியுள்ள ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும். மின்சார வேலையாள் இழுத்த வயர்களைப் பரிசோதிக்க வேண்டும். பார்மசி என்றால், பிழையான மருந்து யாருக்கும் போயிருக்குமா என்று மருந்துச்சீட்டுப் பதிவுகளைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

மற்ற ஊழியர்களுக்கு "அவர் இப்போது எங்களோடு இல்லை" என்பதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வட்ஸ்அப் குழுவில் அவருடைய படத்தையும் சான்றிதழையும் போட்டு எச்சரிப்பது அவதூறு வழக்கில் போய் முடியும். வேறு முதலாளி விசாரித்தால் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, என்ன பதவி என்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். நற்சான்றிதழ் கொடுக்கத் தேவையில்லை, அதற்காகப் பொய்யாக ஒன்றை எழுதியும் கொடுக்காதீர்கள். இன்னொரு முதலாளியின் தலையில் அதே சிக்கலைக் கட்டிவிடுவீர்கள்.

அடுத்த ஆளை எடுக்கும்போது

உங்கள் விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் இந்த வரிகளைச் சேருங்கள்: "மேலே தந்துள்ள விபரங்கள் உண்மையானவை. எனது தகைமைகளை உரிய நிறுவனங்களில் சரிபார்க்கச் சம்மதிக்கிறேன். எந்த விபரமாவது பொய்யெனத் தெரியவந்தால் ஒழுக்காற்று நடவடிக்கைக்கும் வேலைநீக்கத்துக்கும் உள்ளாகலாம் என்பதை அறிவேன்." ஆள் தன் கையாலேயே நிரப்பிக் கையொப்பம் இடட்டும், கொமியூனிகேஷன் கடைச் சுயவிபரம் மட்டும் போதாது. மூலச் சான்றிதழைப் பார்த்து, பிரதியில் "மூலத்துடன் ஒப்பிட்டேன்" என்று எழுதித் திகதி போடுங்கள். நியமனக் கடிதத்தில், சான்றிதழ்கள் உறுதிப்படும் வரை நியமனம் தற்காலிகமானது என்று ஒரு வரி இருக்கட்டும். உறுதிப்படுத்தும் கடிதங்களைத் தகுதிகாண் காலம் முடிவதற்குள், சீசன் சூடு பிடிப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

முடிந்த வேலைகளுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். சமையற்காரர் ஒரு நாள் சமைக்கட்டும், கணக்கு எழுதுபவர் ஒரு மாத வங்கிக் கூற்றை ஒப்பிட்டுக் காட்டட்டும். அந்த ஒரு நாளுக்கும் கூலியைக் கொடுத்துவிடுங்கள். விளம்பரத்தையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். களஞ்சியத்தில் மூட்டை எண்ணுபவருக்கு உயர்தரம் எதற்கு, அறை சுத்தம் செய்பவருக்கு ஆங்கில டிப்ளோமா எதற்கு? அந்த வேலைக்குத் தேவையில்லாத தகுதிகளை இப்போதே வெட்டிவிட்டு, மிச்சமிருப்பவற்றை மட்டும் போடுங்கள். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.